படபடப்புக்கு ஒரு வினாத்தாள்

ஷார்ஜாவில், ரோலா சதுக்கத்தை ஒட்டிய ஒரு சின்ன கிளினிக்கில் நான் ஆண் நர்ஸ். மனநலம் பார்க்க எங்களிடம் வந்த டாக்டரம்மா ஸ்பெயின்காரர். திடீரென்று வந்து ஆளையே உலுக்கிவிட்டுப் போகும் பயநோய்க்கு அவரிடம் ஒரு வினாத்தாள் இருந்தது. நோயாளியே படித்து, தானே டிக் போட வேண்டும். ஸ்பானிய மொழியில் அது நோயைச் சரியாகக் காட்டுகிறதா என்று தன் ஊரில் சோதித்துப் பார்த்திருந்தார். இங்கே தமிழர்கள் நிறைய வருகிறார்களே, தமிழிலும் பார்ப்போம் என்றார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

'பீதி' என்று எழுதிப் பார்த்தேன், செய்தித்தாள் மாதிரி இருந்தது. 'படபடப்பு' என்று மாற்றினேன். நெஞ்சு படபடக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றுகிறதா, அதற்குப் பயந்து எங்காவது போகாமல் இருக்கிறீர்களா என்று கேள்விகள் போயின. தாளில் வருவதும், டாக்டர் உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிப்பதும் ஒத்துப்போனால் தாள் தேறியது. இல்லாவிட்டால் குப்பைதான்.

முதல் மாதம் வந்த தாள் எல்லாம் குப்பை. கேள்வி எதுவானாலும் 'இல்லை'. தொழிலாளர் கேம்ப்பில் இருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் அசையாத மலை போல இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பொய் சொல்வதற்கும் ஓர் அளவு இருக்கிறதே!

அதிலும் அரியலூர்க்காரர் ஒருவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். சாரம் கட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று முறையும் ஈசிஜி சுத்தமாக இருந்தது. இரண்டாவது முறை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். நான்கு வருடமாக ஊருக்குப் போகவில்லை. மகளை ஃபோனில்தான் பார்த்திருக்கிறார். இரண்டு முறை டிக்கெட் போட்டு, ஏர்போர்ட் வாசலில் இருந்தே திரும்பியிருக்கிறார்.

"பிளேன்ல கதவ மூடிட்டா செத்துருவேன்ணே. வீட்ல என்னத்தச் சொல்றது? லீவு தரலன்னு சொல்லிட்டேன்."

லீவு கிடைத்த விஷயம் ரூம்காரர் ஒருவர் மூலம் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. வர மனமில்லாமல்தான் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். அதன்பிறகு அவர் கூப்பிட்டால் அந்தப் பெண் பேசுவதில்லை, குழந்தையிடம் ஃபோனைக் கொடுத்துவிடுகிறாள். இப்படியே போனால் வீடே இல்லாமல் போய்விடும் என்று பயந்தார். அப்படிப்பட்டவர் தாளில் வரிசையாக 'இல்லை' போட்டுவிட்டு யோக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

"என் கையப் பிடிச்சு அழுதது யாருய்யா?" என்று கேட்டேன்.

அவர் தாளின் மேல் ஓரத்தைக் காட்டினார். "ஐடி கார்டு நம்பர் எழுதியிருக்கீங்களேண்ணே. கம்பெனிக்குப் போச்சுன்னா? மெடிக்கல் அன்ஃபிட்னு விசாவ கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிட்டா?"

எழுதியது நான்தான். வினாத்தாளில் பெயருக்கோ எண்ணுக்கோ இடமே கிடையாது. ஆனால் இந்த நாட்டில் பதினாறு வருடமாக எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் முதலில் "கார்டு குடுங்க" என்று கேட்டுப் பழகிய கை இது. வந்தவர்களும் கேட்பதற்கு முன்பே கார்டை நீட்டினார்கள். நம்பரைப் பார்த்ததும் விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டிருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று ஒரு மாதம் திட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து மேல் ஓரத்து நம்பரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, எல்லாத் தாளையும் கிழித்துப் போடச் சொன்னார். கலாஸ், எல்லாம் முடிந்தது, முதலிலிருந்து ஆரம்பம்.

அரியலூர்க்காரரிடம் எண் எழுதாத புதுத் தாளைக் கொடுத்தேன். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு வரியின்மேலும் விரல் வைத்துப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது எனக்காக எழுதுனதா?"

"இல்லய்யா. எல்லாருக்கும்தான்."

"அப்ப இது வேற ஆளுங்களுக்கும் வருதா?"

ஸ்பெயினிலும் வருகிறது என்றேன். நம்பாதவர் போல மறுபடி படித்தார். பிறகு ஒவ்வொன்றாக 'ஆம்' போட்டார். டாக்டர் பேசிப் பார்த்துச் சொன்னதும் அதுவேதான். இதற்கு மருந்து இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, சில மாதங்களில் விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் அதைச் சரியாகக் கேட்டமாதிரி தெரியவில்லை. அவருடைய கண் முழுக்கத் தாளிலேயே இருந்தது.

"இத ஒரு ஃபோட்டோ எடுத்துக்கவாண்ணே? நான் வாயால சொன்னா அவ நம்ப மாட்டா. இதுல அச்சடிச்சே இருக்கு."

சோதனை முடியும்வரை தாள் வெளியே போகக்கூடாது என்பது விதி. விதி எனக்கு ஞாபகம் இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஊசி போடும் அறையில் உட்கார்ந்து அவர் அதை அனுப்பினார். பதில் வருவதற்குள் நான் இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவர் ஃபோனை என்னிடம் நீட்டினார், நான்தான் அழுத்தினேன். மாதக்கணக்கில் பேசாமல் இருந்த மனைவியின் குரல்.

"ஏங்க, அப்ப எங்க மேல ஒண்ணும் கோவம் இல்லையா?"

அவர் ஃபோனை முகத்தோடு அழுத்திக்கொண்டார். அடுத்த டோக்கன்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன்.