வலது கதவும் ஒரு ப்ரொஜெக்டரும்

“வலது கதவு. ஆறு பேர். பகடை போடப்பட்டது. கரண்ட் போச்சு.”

2008ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் ஆட்டக்குறிப்பை நான் இப்படி முடித்திருக்கிறேன். அதன் கீழே வேறு பேனாவில் “14” என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தேதியின் மேல் டீ சிந்தியிருப்பதால் பதினொன்றா பதினெட்டா என்று இப்போது சொல்ல முடியவில்லை. காலண்டரைப் பார்த்துவிட்டேன், இரண்டுமே ஞாயிறுதான்.

எங்கள் ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். வயது வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இப்படிக் கழிக்கிறார்கள் என்று வெளியே சொல்ல எங்களுக்கே கூச்சம். என் வீட்டில் அதை “மீட்டிங்” என்றே சொல்லி வைத்திருந்தேன்.

பெருங்களத்தூரில் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, அப்போதுதான் பெயின்ட் வாசனை போயிருந்த ஒரு அபார்ட்மென்டில் ஆட்டம் நடக்கும். கதை நடத்துபவர் ஒரு பொறியியல் கல்லூரி விரிவுரையாளர். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். அவர் மனைவி வங்கியில் வேலை பார்த்தார். ஆட்டத்தில் வாள் வீசும் மறத்தி. தாம்பரம் மேற்கிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் மந்திரவாதி. குரோம்பேட்டையிலிருந்து போன நான், யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் எழுதி வைக்கும் துறவி. அந்தப் பாத்திரத்துக்காக நான் அதிகம் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது ஆள் கூடுவாஞ்சேரியில் டைல்ஸ் கடை வைத்திருந்த நண்பர். வாரம் முழுக்க வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, கேட்ட விலைக்கே இறங்கிவிடுகிற மனிதர். ஆட்டத்தில் அவர் எழுபது வயதுத் திருடன். பல் போன, வாய் போகாத கிழவன். அரசர்களிடம் பேரம் பேசுவான், பிசாசுகளைக் கடன்காரர்களைப்போல் நாளைக்கு வரச்சொல்வான். மூன்று வருடமாக அந்தக் கிழவனை அவர் உயிரோடு வைத்திருந்தார். வீட்டுமனை வாங்கியவர்கள் டைல்ஸ் பார்க்க வருவதே ஞாயிற்றுக்கிழமைதான் என்று அவருடைய வாப்பா ஒவ்வொரு வாரமும் சத்தம் போடுவார். இவர் அதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ரயிலேறி வந்துவிடுவார்.

மாஸ்டரின் சட்டம் ஒன்றே ஒன்று. பாத்திரம் செத்தால் செத்ததுதான். அடுத்த வாரம் புதிய ஆளாக, முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வருடத்தில் அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. சொந்த மனைவியின் முதல் மறத்தியையே ஒரு பாலத்திலிருந்து தள்ளிக் கொன்றவர். அன்று எங்களுக்கு டீ கிடைக்கவில்லை.

டைல்ஸ் கடைக்காரரும் தன் பங்குக்குச் சொல்லி வைத்திருந்தார். “சார், இந்தக் கெழவன் பூட்டான்னா நான் வேற ஆள ஆரம்பிக்க மாட்டேன். கடையில குந்திக்கிறேன். வாப்பா ஆசையாவது நெறவேறட்டும்.”

விளையாட்டாகச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் பொறியாளர் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள், ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதாகப் பாவித்துக்கொள்வதற்காக அதை யாரோ செய்திருக்கிறார்கள். நாங்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, வெவ்வேறு ஊர்களில் இருப்பதாகப் பாவிக்கத் தொடங்கினோம். முதல் வாரம் ஆளுக்கொரு லேப்டாப், நடுவில் ஒயர்களின் கூடு. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் “கதவைத் திறக்கிறேன்” என்று டைப் அடித்து அனுப்ப வேண்டும். அவர் படித்துவிட்டு, “சிரிக்கிறேன்” என்று பதில் அடிப்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. நான்கு அடி தூரத்தில் இருந்த மனைவியின் செய்தி வந்து சேரவில்லை என்று மாஸ்டர் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருக்க, அந்த அம்மையார் எழுந்து போய் அவர் காதில் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த கட்டம், லேப்டாப்களுக்குப் பதிலாக மாஸ்டரின் கம்ப்யூட்டரோடு ஒரு ப்ரொஜெக்டர். அதுவரை மாஸ்டர் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவார். கேரம் காய்களும் சட்டைப் பித்தான்களும் படைகள். அவர் எந்த மலைக்கோட்டையை வரைந்தாலும் அது திருநீர்மலையைப்போல இருக்கும். அடிவாரத்தில் குளம்கூட வந்துவிடும். பொறியாளருக்கு அது பொறுக்கவில்லை.

“சார், மேப் சுவர்ல விழணும். பிளேயர் எதைப் பார்த்திருக்கானோ அது மட்டும் வெளிச்சம், மத்ததெல்லாம் இருட்டு. உங்க மானிட்டர்ல மட்டும் எல்லாம் தெரியும். அப்பதான் ஒரு இமர்ஷன், கதைக்குள்ளயே போயிட்ட ஃபீல் இருக்கும்.”

“இருட்டுன்னா, எங்க மேப்புலயா, வீட்டுலயா?” என்றார் மாஸ்டரின் மனைவி.

இரண்டிலும் என்று பிறகு தெரிந்தது. சுவரில் படம் தெரிய வேண்டும் என்பதற்காக, மே மாதம் மதியம் மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ட்யூப்லைட்டையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். ப்ரொஜெக்டர் தன் பங்குக்கு அனலைக் கக்கியது. முன்பு இரண்டு ரூபாய் சார்ட் பேப்பரில் தெரிந்த அதே குளம், இப்போது எங்கள் வியர்வையின் ஊடாகச் சுவரில் தெரிந்தது.

கடைசியாகப் பொறியாளர் எங்கள் பகடைகளையும் பறித்துக்கொண்டு ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடினார். இனி கம்ப்யூட்டரே பகடை போடும்.

“ஏன் மச்சான், என் கையில இன்னா கொறை?” என்றார் டைல்ஸ் கடைக்காரர்.

“கையில ஒண்ணும் இல்ல. ஊதி ஊதிப் போடறியே, அதான். மெஷினுக்கு யார் மேலயும் பாசம் கெடையாது.”

குறிப்பில் உள்ள ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோட்டைக்குள் இரண்டு கதவுகள். கிழவன் முன்னால் போய் உளவு பார்க்க வேண்டும். மாஸ்டர் சுவருக்கு முதுகு காட்டி, மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரையும் சுவரையும் பார்த்தபடி. மாஸ்டரின் மனைவி தண்ணீர் எடுக்க எழுந்தபோது கால் ஒயரில் தட்டியது. சுவர் ஒரு கணம் நீலமானது. படம் திரும்ப வந்தபோது எங்களுக்கானது போய், மாஸ்டருக்கு மட்டுமான படம் அங்கே இருந்தது. அவர் தனக்காக டைப் அடித்து வைத்த குறிப்புகளோடு: “இடது: காலி அறை, தப்பிக்கும் வழி. வலது: ஆறு பேர், பதுங்கல். கிழவன் மாட்டுவான்.”

நால்வரும் படித்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.

திறந்திருக்கலாம். “மாஸ்டர், திரும்பிப் பாருங்க” என்று ஒரு வார்த்தை. ஆனால் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த பொறி அவருடையது. அதைக் கெடுப்பவராக இருக்க யாருக்கும் மனமில்லை. பொறியாளருக்கோ, தன் ஏற்பாட்டில் கோளாறு என்று தானே அறிவிக்க மனமில்லை. மாஸ்டரின் மனைவி தண்ணீர்ச் சொம்போடு நின்ற இடத்திலேயே நின்றார்.

தவிர, எங்களிடம் ஒரு மரியாதை இருந்தது. ஆடுபவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. அதை வைத்துக்கொண்டு பாத்திரத்தைக் காப்பாற்றுவது, பக்கத்து பெஞ்சைப் பார்த்துப் பரீட்சை எழுதுவது மாதிரி. இந்த மரியாதையை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம். பேருந்தில் டிக்கெட் எடுப்பதில் இந்த அளவு நேர்மையை எங்களில் எல்லோரும் காட்டியதாகச் சொல்ல முடியாது.

“என்ன, கெழவன் எந்தக் கதவு?” மாஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

டைல்ஸ் கடைக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது அவர் கழுத்தில் தெரிந்தது.

“காயின் சுண்டிப் பாரேன்,” என்று பொறியாளர் மெல்லச் சொன்னார்.

“வேணாம் மச்சான். லெஃப்ட்டு விழுந்தா, நான் பார்த்துட்டுப் போனதாத்தான் பேசுவே.” பிறகு கிழவனின் குரலில், சத்தமாக: “வலது பக்கமா போறேன் சார். வயசாயிடுச்சு, வலது காலு சொன்னபடி கேக்கும்.”

மாஸ்டர் ஆறு பேரையும் அவிழ்த்துவிட்டார். நாங்கள் ஆச்சரியப்பட்டோம். இவ்வளவு மோசமான நடிப்பை நான் கல்லூரி ஆண்டு விழாக்களில்கூடப் பார்த்ததில்லை. “அடப்பாவமே, யாரு எதிர்பார்த்தா,” என்று மாஸ்டரின் மனைவி சொம்பைப் பார்த்துச் சொன்னார். மாஸ்டர் பூரித்துப்போனார்.

கிழவன் வெட்டுப்பட்டு விழுந்தான். விதிப்படி உயிருக்கான கடைசிப் பகடை ஒன்று உண்டு: பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பான். டைல்ஸ் கடைக்காரர் டிபன் டப்பாவைப் பார்த்தார். பொறியாளர் தலையசைத்து மறுத்தார். மாஸ்டர் மௌஸை அழுத்தினார்.

கரண்ட் போனது.

சுவர் இருண்டது, மானிட்டருக்கான யூபிஎஸ் கத்தியது. அந்தப் பகுதியில் எல்லோர் வீட்டிலும் ஒரு யூபிஎஸ் இருந்தது, பெரும்பாலும் கத்துவதற்கு. இதுவும் கொஞ்சம் கத்திவிட்டு மானிட்டரோடு சேர்ந்து அணைந்தது.

ஜன்னலைத் திறந்தோம். வெளியே பட்டப்பகல். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் இமர்ஷன் எல்லாம் பனியன் ஈரமாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது.

“இன்னா விழுந்துச்சு சார்?”

“கரண்ட் வரட்டும். அதுலயே பதிவாகியிருக்கும்,” என்றார் மாஸ்டர். பதினாலு என்று அவர் அப்போது சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் வரும்வரை பழைய சார்ட் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தோம். டைல்ஸ் கடைக்காரர் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நல்ல கூட்டம் வருகிறது என்று பொதுவாகச் சொன்னார்.

வந்ததும் கம்ப்யூட்டரை எழுப்பினார்கள். மென்பொருள் கடைசியாகத் தானே சேமித்துவைத்த இடத்திலிருந்து திறந்தது. அது பகடைக்கும் முன்னால், கதவு திறப்பதற்கும் முன்னால். எண் எதுவும் இல்லை. ஒயர் ஏதாவது கழன்றிருக்கிறதா என்று பார்க்க மாஸ்டர் எழுந்து திரும்பினார். சுவரில் அவருடைய ரகசியக் குறிப்புகள். இடது: காலி அறை. வலது: ஆறு பேர். கிழவன் மாட்டுவான்.

அவர் அதைப் படித்தார். தான் எழுதியதைப் படிக்க ஒரு விரிவுரையாளருக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு எங்களைப் பார்த்தார், மனைவியை, கடைசியாக டைல்ஸ் கடைக்காரரை.

“இது எப்பலேர்ந்து தெரியுது?”

“தண்ணி எடுக்கப் போனேனே, அப்பலேர்ந்துங்க,” என்றார் மனைவி.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். “ரிசல்ட் சேவ் ஆகல சார். இன்னொரு தடவ ரோல் பண்ணிடலாம்.”

“ஒருவாட்டி போட்டதைத் திரும்பப் போடறதில்ல,” என்றார் மாஸ்டர். “நான் பார்த்தேன். பதினாலு.”

“நெஜமா பார்த்தீங்களா? எண் வர்றதுக்கு முன்னாடி பகடை கொஞ்ச நேரம் உருளும் சார்.”

“யூபிஎஸ் கத்தினப்ப மானிட்டர் எரிஞ்சுதே. பதினாலு. கெழவன் பிழைச்சுட்டான். எழுதிக்கோங்க.”

கடைசி வார்த்தை எனக்கு. எழுதினேன்.

டைல்ஸ் கடைக்காரர் டிபன் டப்பாவைத் திறந்து, தன் பகடையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு கடையை விட்டுவிட்டு வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். ப்ரொஜெக்டர் வரவில்லை. அதன் விளக்கு போய்விட்டதாகப் பொறியாளர் சொன்னார். நாங்கள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. சார்ட் பேப்பரில் மறுபடியும் திருநீர்மலை எழுந்தது.

கல்வெட்டில் எழுத்து சிதைந்திருந்தால் பதிப்பிப்பவர் அந்த இடத்தில் புள்ளி வைப்பார். தான் ஊகித்ததை அடைப்புக்குள் போடுவார். நான் கேள்விக்குறி போட்டேன். மானிட்டர் மாஸ்டரைப் பார்த்துத்தான் இருந்தது, வேறு யாரும் பார்த்திருக்க வழியில்லை. யூபிஎஸ் எவ்வளவு நேரம் கத்தியது என்பதை எங்களில் எவரும் அளக்கவில்லை. பல வருடங்கள் கழித்து அவர் மனைவியிடம் கேட்டேன். “என்கிட்டயும் பதினாலுன்னுதான் சொல்றார்” என்றார். அன்று அந்தப் பகடையில் பதினாலு விழுந்ததா, ஏதாவது ஒரு எண்ணாவது விழுந்ததா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.