புல்தரையில் வென்ற மாமி

அப்பாவின் தமக்கையை நாங்கள் மாமி என்றுதான் கூப்பிட்டோம். போரில் கணவரை இழந்தபின் ஒஸ்லோவுக்கு வந்து, புருசெத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே தங்கிவிட்டவர். எனக்கும் தம்பிக்கும் சோறு தீத்தியதும் தலை வாரி இழுத்ததும் அவர்தான். அவர் ஒரு காலத்தில் இலங்கையின் பெண்கள் டென்னிஸ் சாம்பியன் என்பது எனக்குப் பதினான்கு வயது வரை தெரியாது. அது தெரியவந்த இடம் ஒரு நோர்வேஜிய மொழி வகுப்பு.

அன்று மாமிக்குத் துணையாகப் போயிருந்தேன். சொந்த நாட்டில் என்ன தொழில் செய்தீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் தையற்காரர் என்றார், ஒருவர் பஸ் ஓட்டியதாகச் சொன்னார். மாமி எழுந்து நின்று, "டென்னிஸ்" என்றார். ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொழுதுபோக்கை அல்ல, தொழிலைக் கேட்கிறேன் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்துச் சொன்னார். மாமி மறுபடியும் "டென்னிஸ்" என்றார். ஆசிரியை தோளைக் குலுக்கிவிட்டு, பலகையில் மாமியின் பெயருக்கு நேரே 'இல்லத்தரசி' என்று எழுதினார்.

திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, அவ வேலையையெல்லோ கேட்டவ?" என்றேன்.

"எனக்கு விளங்கினதுதான். நான் வேற என்ன செய்தனான்? சம்பளம் தரேல்லைத்தான். ஆனா விடிஞ்சா பொழுதுபட்டா எனக்கு அதுதான் வேலை."

அன்று ரயிலில் சொன்னது கொஞ்சம். மீதியைப் பிறகு பல வருடங்களாக, வெங்காயம் உரிக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் துண்டு துண்டாகச் சொன்னார்.

அவருடைய அப்பா கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தர். அவர்கள் இருந்த குடியிருப்பின் பின்னால், உத்தியோகத்தர்கள் மாலையில் விளையாடுவதற்கு ஒரு புல்தரை இருந்தது. ஆள் குறைந்த ஒரு நாள், பந்து பொறுக்கிக்கொண்டு நின்ற மாமியைக் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவரைக் களத்தைவிட்டு வெளியேற்ற முடியவில்லை. பத்தொன்பது வயதில் பெண்கள் பட்டத்தை வென்றார். அன்று உடுத்த, முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளைப் பாவாடை அவருடைய அம்மா தைத்தது. புல்லில் பந்து அவ்வளவாக எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும், முழங்காலை மடித்துக் குனியத் தெரிந்தவளுக்குத்தான் அந்தத் தரை என்பார். அடுத்த வருடமும் வென்றார். மதராஸில் ஒரு போட்டிக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது.

அப்போது அவருடைய அப்பா இறந்து சில மாதங்கள்தான். வீட்டில் மூத்த ஆண் மாமியின் அண்ணன், என் பெரியப்பா. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியருக்கு மாமியைப் பேசியிருந்தார்கள். கால் தெரிய ஓடுகிற பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னார்களாம். பெரியப்பா மாமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மட்டையைத் தன் சிநேகிதர் ஒருவரின் மகனுக்குத் தூக்கிக் கொடுத்தார். மாமி வென்ற கிண்ணங்கள் இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆசிரியர்தான் எங்கள் மாமா ஆனார்.

"மாமா ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவர் நல்ல மனிசன். ஒரு நாளும் கேக்கேல்லை, அவ்வளவுதான்."

பெரியப்பாவும் பிற்காலத்தில் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் மகனிடம் வந்து சேர்ந்தார். மாமியும் அவரும் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சந்தித்துச் சுகம் விசாரித்துக்கொள்வார்கள். பழைய கதை எதையும் எடுக்கமாட்டார்கள். நான்கு வருடங்களுக்கு முன் பெரியப்பாவின் பேத்தி இளையோர் டென்னிஸ் போட்டியில் வென்றாள். மகன் மண்டபம் எடுத்து விருந்து வைத்தார். பெரியப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இது எங்கடை ரத்தத்திலை வந்தது. அந்தக் காலத்திலை பொம்பிளைப் பிள்ளையளை வெளியிலை விடாயினம். நான்தான் என்ரை தங்கச்சியை ஊக்குவிச்சு சாம்பியன் ஆக்கினனான். தங்கச்சி, மேடைக்கு வா!"

எல்லோரும் கைதட்டினார்கள். மாமி எழும்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். ஒலிவாங்கியை வாங்கி, சபையைப் பார்க்காமல் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் என்னை விளையாட விடேல்லை. மட்டையை ஆருக்கோ குடுத்தனீங்கள்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதோடு மண்டபமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தபடி, "என்ரை தங்கச்சி எப்பவும் பகிடிக்காரி" என்று ஒலிவாங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். படத்தில் பெரியப்பாவின் கை மாமியின் தோளில் இருக்கிறது.

காரில் வீட்டுக்கு வரும்போது மாமி ஒன்றைத்தான் சொன்னார். "அறுவது வரியமா நெஞ்சுக்கை வைச்சிருந்தனான். சிரிச்சுப் போட்டினம்."

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"சபையிலை என்னை அவமானப்படுத்திப் போட்டாய்."

"நான் பொய் சொன்னனானோ?"

"உன்ரை நன்மைக்குத்தானே செய்தது. நீ இப்ப என்னத்திலை குறைஞ்சு போனனி?"

மாமி தொலைபேசியை வைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசவில்லை. மாமி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று குடும்பத்தில் பலர் வந்து சொன்னார்கள். வயதான மனிதரை நோகடிக்கலாமா என்றார்கள். மாமிக்கும் எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது, அதை யாரும் நினைக்கவில்லை.

போன கோடையில், பெரியப்பாவின் பேத்தியின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று மாமியே கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். பெரியப்பா எதிர்ப்பக்கம் குடும்பத்தோடு இருந்தார். நாங்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்றோம். செம்மண் தரையில் அந்தப் பிள்ளை சறுக்கிச் சறுக்கி அடித்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். பிள்ளை வென்றாள்.

"வடிவா விளையாடுறாள், என்ன மாமி?" என்றேன்.

"ஓம். நல்லா விளையாடுறாள்." வேலிக்கம்பியில் கோத்திருந்த விரல்களை எடுக்காமலே சொன்னார். "சந்தோசப்படுவன் எண்டுதான் வந்தனான். எனக்கு எரியுது, பிள்ளை. வா, போவம்."

பேத்தி எங்களைக் கண்டு கையசைத்தாள். மாமி அதற்குள் வாகனத் தரிப்பிடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். நான் அவளுக்குக் கையைக் காட்டிவிட்டுப் பின்னால் போனேன்.