ஓடக்காரனின் பேச்சு

பெரியதாழைக் கோயில் திருவிழா நாடகத்துக்கு மரியான் அண்ணாவியாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. நடிக்கிறவர்களுக்கு வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து மேடையேற்றுவது அண்ணாவியின் வேலை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய நோட்டுகளைப் பார்த்து எழுதியே படித்துக்கொண்டார். மற்ற நாட்களில் வள்ளங்களின் எஞ்சினைப் பிரித்து மாட்டுவார். கடலுக்குப் போகாத ஞாயிறு மத்தியானங்களில் ஒத்திகை.

நாடகத்தின் உயிர் இரண்டு பேச்சுகளில் இருக்கிறது. பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறக்காத அரசனை அவன் தம்பி கொன்றுவிடுகிறான். பிணத்தருகே நின்று, ஏன் கொன்றேன் என்று ஊருக்கு ஏழு காரணம் சொல்கிறான். ஏழும் நியாயம். ஊர் கைதட்டுகிறது. அடுத்து அரசனின் ஓடக்காரன் வருகிறான். அவன் ஒரு காரணத்தையும் மறுப்பதில்லை. தம்பி சொன்னது சரி என்றுதான் ஆரம்பிப்பான். பிறகு, வெள்ளத்தில் உன் பிள்ளையை என் ஓடத்தில் தூக்கி வைத்தது யார் என்று, செத்துக்கிடக்கும் அரசனைக் காட்டி ஒவ்வொருவரிடமாகக் கேட்பான். கடைசியில் துடுப்பை அரசனின் காலடியில் போட்டு, இனி இது எனக்கு எதற்கு என்பான். கைதட்டிய அதே ஊர் தம்பியின் வீட்டைக் கொளுத்தும். உள்ளே அவன் பிள்ளைகள் இருப்பார்கள்.

இந்த வருடம் ஓடக்காரன் டெரன்ஸ். கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். முதல் வார்த்தையையே உச்சத்தில் எடுத்தான். மரியான் நிறுத்தினார்.

"ஏலே, செத்த ராசா எந்திரிச்சு ஓடிருவான். நீ சண்டைக்கா வந்திருக்க? அவன் சொன்னது சரின்னு சொல்ல வந்திருக்க. மெதுவா சொல்லு."

"மெதுவாச் சொன்னா எவனுக்குக் கேக்கும், அண்ணாவி?"

"கேக்காட்டா கிட்ட வருவான்லே. வரட்டும்."

மூன்று மாதமாக இதே பேச்சு. அதற்குள் திருவிழாக் கமிட்டி மரியானைக் கூப்பிட்டு அனுப்பியது. ஒத்திகையிலிருந்து டெரன்ஸும் கூடப் போனான். பாட்டுக் கச்சேரிக்கு நேரம் வேண்டுமாம். ஓடக்காரன் பேச்சை எடுத்துவிட வேண்டுமாம். தலைவர் அமலன் கேட்டார்: "கொன்னதுக்குக் காரணம்தான் தம்பி சொல்லிட்டானே. பிறகு இவன் என்னத்துக்கு?"

ஓடக்காரன் இல்லையென்றால் ஊர் ஏன் கொளுத்துகிறது? நாடகமே இல்லை. மரியான் விரல் மடக்கினார். ஒன்று, கதை அறுந்துபோகும். இரண்டு, பாட்டுகள் இடம் மாறும். ஆறாவது விரலுக்கு வந்தபோது அமலன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியானுக்கு எரிச்சலில் குரல் உயர்ந்தது. அமலன் முகம் இறுகியது.

பின்னால் நின்ற டெரன்ஸ் அமலனின் முன்னால் வந்தான். கையில் ஒத்திகைத் துடுப்பு.

"மாமா சொல்லுதது சரிதான். நேரமில்ல. நான் வீட்டுல வசனம் படிச்சா எம்மவளே காதைப் பொத்திக்கிடுதா."

கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அமலனும் போனை வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், மாமா. எனக்கு முன்ன இதப் பிடிச்சு நடிச்சது யாரு?"

அமலன் துடுப்பைப் பார்த்தார். அவருடைய அப்பாதான் இருபது வருடம் ஓடக்காரனாக நடித்தவர். உடைந்த வள்ளத்துப் பலகையில் அந்தத் துடுப்பைச் செதுக்கியதும் அவரே.

"பேச்சை எடுத்துட்டா இதுக்கு இங்கன வேலையில்ல. ஒங்க வீட்டுலயே வச்சிக்கிடுங்க."

துடுப்பை மேசைமேல் வைத்தான். அமலன் அதன் பிடியைத் தடவினார்.

"முழுசாவே போடுங்க. கச்சேரி பிந்தி நடக்கட்டும்."

வெளியே வந்ததும் மரியான் டெரன்ஸின் சட்டையைப் பிடித்தார்.

"இதத்தானலே மூணு மாசமா தொண்ட கிழியச் சொல்லுதேன். இப்பப் பேசினத அப்படியே மேடையில பேசு."

"நான் என்னத்தப் பேசுனேன்? மாமாகிட்ட ரெண்டு வார்த்த சொன்னேன்."

"மொதல்ல ஆமான்னு சொன்னியே."

"பெரியவுககிட்ட ஆமான்னு சொல்லாம எப்படிப் பேச?"

மரியான் தலையில் கைவைத்தார்.

அடுத்த ஞாயிறு டெரன்ஸ் துடுப்பைத் தலைக்குமேல் ஓங்கி ஏலக் குரலில் தொடங்கினான். மரியான் நோட்டை மூடினார். ஒத்திகை பார்க்க வந்திருந்த அமலனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, மேடைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"ஊர விடு. இந்தா இருக்காரு ஒங்க மாமா. இவருகிட்ட மட்டும் சொல்லு."

டெரன்ஸ் துடுப்பைத் தாழ்த்தினான். "தம்பி சொன்னது சரிதான்" என்றான். பின்னால் நின்றவர்கள் நாற்காலியை நோக்கி இரண்டடி நகர்ந்து வந்தார்கள்.

"இன்னும் மெதுவா" என்றார் மரியான்.