முந்நூறு மில்லி

இன்று காலை அப்பாவின் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். புராஸ்டேட் அறுவை முடிந்து நான்கு நாள். புற்றுநோய் இல்லை என்று நேற்றே தெரிந்துவிட்டது.

"மதியத்துக்குள்ள தானாப் போகலைன்னா மறுபடி குழாய்தான்," என்றார் நர்ஸ்.

அப்பா அளவுக் குவளையோடு கழிப்பறைக்குள் போனார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"வந்துச்சாப்பா?"

பக்கத்துக் கட்டிலில் கம்பத்து ஏலக்காய் வியாபாரி. "தம்பி, செக்போஸ்ட் மாதிரி வாசல்ல நின்னா அவுகளுக்கு எப்படி வரும்? இங்கன வந்து உக்காரு."

உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. வார்டே பேச்சை நிறுத்தியது.

அப்பா குவளையை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். "முந்நூறு மில்லி," என்றார் நர்ஸ்.

"எங்க ஊரு வயலுக்கு முதல் போக நடவுக்கு இந்தத் தண்ணி போதும்," என்றார் வியாபாரி.

என் எம்.ஏ. சான்றிதழைக்கூட அப்பா இப்படி ஊருக்கு உயர்த்திக் காட்டியதில்லை. உங்கள் அப்பா எப்படி?