ராணி யாரைக் கேட்க வேண்டும்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம், சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. கள்ளக்குறிச்சி விடுதியில் நானும் அறைத்தோழியும் மாட்டிக்கொண்டோம். மூன்று வேளையும் அதே ரசம், அதே சுவர். எரிச்சல் தாங்காமல் ஒரு விளையாட்டை உண்டாக்கினோம். கல்வராயன் மலைமேல் ஒரு நாடு. நான் அதற்கு ராணி. அவள் கேட்கக் கேட்க நான் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சொன்னதை மாற்றக் கூடாது. அதுதான் நாட்டின் சட்டம்.

"ஆத்துல தண்ணி எப்ப வரும்?" என்றாள்.

"நான் சொன்னா வரும்."

"உன் படையில யாரு?"

"கரடிங்க."

"ராணி மலைய வுட்டு எறங்கணும்னா யார கேக்கணும்?"

"எங்க அண்ணன."

அவள் சிரிக்கவில்லை. சட்டத்தை மீறி, வேறு பதில் சொல்லச் சொன்னாள். எனக்கு வேறெதுவும் வரவில்லை.

ஆறாம் நாள் மரங்களை அகற்றினார்கள். முதல் பஸ்ஸிலேயே அண்ணன் வந்து விடுதி வாசலில் நின்றார். பையை எடுத்தேன்.

"ராணி எப்ப திரும்பி வருவா?" என்று தோழி கேட்டாள்.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.