பைபாஸில் ஓடிய பிரஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களைக் குறித்து வைத்தேன். டிப்ளமோவில் படித்தவைதான், இங்கே அவற்றுக்கு வேறு வேலை. சட்டென்று நின்றுபோகும் மோட்டார் மட்டுமல்ல, கோபம் வந்தால் சூப்பர்வைசரும் ‘ட்ரிப்’ ஆவார். ‘ஓகே’ என்பது பதில் அல்ல, பொருள். அதை வாங்குவார்கள், போடுவார்கள், சில நாள் கேட்டு அலைவார்கள்.

தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தை ஓட்டும் அக்கா பொன்னேரிப் பக்கம், ஒப்பந்தத் தொழிலாளி. “இன்னா பாப்பா, எங்க வாயப் பாத்தே எழுதிக்கினு கீற? பரீச்ச வெக்கப் போறியா?” என்பார்.

“சும்மாதாங்க்கா.”

“அப்போ கேன்டீன் சாம்பாரு ரிஜெக்டுன்னு எழுதிக்கோ.”

அவர் மூன்று நாள் லீவில் இருந்தபோது, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் சென்சார் தொந்தரவு செய்தது. கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய சென்சார், கை போகாமலே நிறுத்திக்கொண்டிருந்தது. உற்பத்திப் பிரிவு கேட்டுக்கொள்ள, மெயின்டனன்ஸ் ஆட்கள் சாவி போட்டு அதைத் துண்டித்தார்கள். அதன்பின் ஒவ்வொரு ஷிஃப்டும் அடுத்த ஷிஃப்டிடம், “மூணாம் நம்பர் பைபாஸ்ல ஓடுது” என்று சொல்லி ஒப்படைத்தது. மழை பெய்கிறது என்பதைப் போல. செய்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

அந்தக் காலையும் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். காலைச் சரிபார்ப்புத் தாளை இயந்திரத்தின் பக்கம் போகாமல், மேசையிலேயே நிரப்புவது எங்கள் வழக்கம். எல்லாக் கட்டத்திலும் ஓகே எழுதி, பிரஸ்ஸில் மாட்டிவிட்டு வந்தேன். லீவு முடிந்து வந்த அக்காவை அதில் நிறுத்தினார்கள். பத்து மணி வாக்கில் தகடு சிக்கியது. எடுக்கக் கையை உள்ளே விட்டார். ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

அந்த ஷிஃப்டின் சரிபார்ப்பு என் வேலை என்பதால், அறிக்கை எழுதும் பொறுப்பும் எனக்கு வந்தது. மேனேஜர் வாசகத்தையும் சொல்லிக்கொடுத்தார்: ‘ஆபரேட்டர் சென்சாரை பைபாஸ் செய்து இயக்கினார்.’ இத்தனை நாள் ஆளில்லாமல் ஓடிய சொல்லுக்கு இப்போது ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படி எழுதினால் அக்காவுக்கு வேலை இருக்காது.

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன்.

“என்ன தூக்கிடுவாங்களா பாப்பா?” என்றார். “சாவியே எங்கையில கெடயாது. பைபாஸுன்னு எவனும் சொல்லல. தாள்ல நீ ஓகே போட்டிருந்த. அதப் பாத்துட்டுதான் கைய வுட்டேன்.”

குரலில் கோபம் இல்லை. அவர் தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை வரிசையாக எழுதினேன். ஒன்று, துண்டிக்கச் சொன்னது உற்பத்திப் பிரிவு. இரண்டு, துண்டித்தது மெயின்டனன்ஸ். மூன்று, தெரிந்தும் ஓகே எழுதியது நான். நான்கு, ஆபரேட்டரிடம் யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். “மூணாவத எடுத்துடும்மா. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?”

“அத எடுத்தா நாலாவது நிக்காது சார். என் ஓகேயப் பாத்துதான் அவங்க கைய விட்டாங்க.”

அறிக்கை அப்படியே போனது. எனக்கு மெமோ வந்தது. அக்கா ஒரு மாதம் கழித்துத் திரும்பினார். பிரஸ்ஸுக்கு அல்ல, பேக்கிங் பிரிவுக்கு. கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, மற்ற விரல்களால் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார்.