அவளுக்கு மூன்று, எனக்கு ஒன்று

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் நீள பெஞ்சில் அன்று நான் துணைக்குத்தான் உட்கார்ந்திருந்தேன். நோயாளி என் கொழுந்தனின் மனைவி கமலா. பால் மறந்த பிள்ளையைக் கையில் வாங்கக்கூட மனமில்லாமல், தலை வாராமல், சுவரைப் பார்த்தே படுத்திருந்தவளை நானும் மாமியாரும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம்.

டாக்டர் பிரான்சில் படித்துவிட்டு வந்த நம் ஊர்க்காரர். கமலாவுக்கு மனத்தளர்ச்சி (காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துக்கம் விலகாமல், தூக்கத்தையும் பசியையும் கெடுத்து ஆளைப் படுக்கப் போடும் நோய்) என்றார். இதற்கென்றே புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் ஒன்றரை வருடமாக என்னிடம் இருந்தது. விடியுமுன் விழிப்பு வந்துவிடும். மார்பில் அம்மி ஏறி உட்காரும். ஆனால் நான் படுக்கவில்லை. உலை வைத்தேன், மில்லுக்குப் போகும் என் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் சாப்பாடு கட்டினேன். படுத்தவளுக்கு ரிக்‌ஷா வந்தது. நின்றுகொண்டே நோயாளியாக இருந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர்தான் பார்த்தார். "நீங்க கடைசியா எப்பம்மா நல்லா தூங்குனீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். வீடு திரும்பும்போது எங்களிடம் இரண்டு ஒர்தொனான்ஸ் (பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் மருந்துச் சீட்டை எங்கள் ஊரில் இன்னும் இப்படித்தான் சொல்கிறோம்) இருந்தன.

கமலாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. எனக்கு ஒன்று. சிறு வயதில் எனக்கு மூட்டுக் காய்ச்சல் (மூட்டுகளை வீங்கவைத்து, இதயத்தையும் தொட்டுவிட்டுப் போகும் காய்ச்சல்) வந்திருந்தது. அதனால் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும் என்றார். "மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆவும். அவங்க மாத்திரை அவங்களுக்கு, ஒங்க மாத்திரை ஒங்களுக்கு. என்னைக் கேக்காம கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது" என்றார். மூவரும் தலையாட்டினோம்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாமியார் இரண்டு மருமகள்களுக்கும் எதையும் சமமாகத்தான் செய்வார். தீபாவளிக்கு ஒரே கடை, ஒரே நிறம், ஒரே கரை. ஒருத்திக்கு நாலு முழம் பூ என்றால் மற்றவளுக்கும் நாலு முழம். இந்த நியாயத்தால்தான் பிரியாமல் ஒரே அடுப்பில் சமைத்துவந்தோம்.

மில் சங்கு காலை, மதியம், மாலை என்று ஊதும். ஊதும்போதெல்லாம் கமலா ஒரு மாத்திரை போட்டாள். என்னுடையது ராத்திரி படுக்கப்போகும்போது, சங்கு ஊதாத நேரத்தில். அதுகூட எனக்கு உறுத்தியது.

மூன்றாவது வாரம் கமலா தானே எழுந்து தலை வாரிக்கொண்டாள். நாலாவது வாரம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கு வாய் வறண்டதும் மலம் இறுகியதும்தான் மிச்சம். அவள் சிரிப்பைக் கேட்டால் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன்.

ஒரு நாள் வெடித்தேன். "அவளுக்கு மூணு, எனக்கு ஒண்ணா? மாத்திரையில கூடவா சின்ன மருமவ ஒசத்தி?" என்று மாமியாரிடம் கேட்டேன். டாக்டர் சொன்ன காரணம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் கேட்டேன்.

மாமியார் வழக்கமான நியாயத்தைச் செய்தார். இரண்டு பேர் மாத்திரையையும் ஒரே பிஸ்கோத்து டப்பாவில் கொட்டினார். ஒரு நாளைக்கு நாலு, ஆளுக்கு இரண்டு. என் மனம் குளிர்ந்தது.

பத்து நாள் கழித்து, குழாயடியில் குனிந்து குடத்தை எடுத்து நிமிர்ந்தேன். கண் இருண்டது. விழித்தபோது தரையில் கிடந்தேன். நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தது. கொழுந்தன் என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, "கமலா, தண்ணி கொண்டா" என்று கத்தினார். அவள் வரவில்லை. உள்ளே மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை அவள் முந்தானையை இழுத்து அழுதுகொண்டிருந்தது.

இந்த முறை ரிக்‌ஷாவில் இருவரும் நோயாளிகள்.

"ரெண்டு பேருக்கும் சமமாத்தான் குடுத்தேன் முசே. ஒரு கொறையும் வைக்கல" என்றார் மாமியார் (முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா).

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இது என்னா பொடவையாம்மா, ஒண்ணு போல எடுக்க? இவங்க இதயம் தாங்காது. அவங்களுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும் பத்தாது. அவங்களத் தனியா விட்டா உயிருக்கே ஆபத்து. அவங்கள இப்பவே வார்டுல சேருங்க."

உயிருக்கே ஆபத்து என்று கமலாவைப் பற்றிச் சொன்னது, என்னைக் குற்றம் சொன்னதாகவே கேட்டது. "தப்பு அத்தை மேல இல்ல, முசே. நான்தான் பொறாமைப்பட்டுக் கேட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் நாடியை ஒரு முழு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை அன்னைக்கே எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றார்.

கமலா பதினெட்டு நாள் வார்டில் இருந்தாள். பார்க்கப் போகும்போதெல்லாம் வாசல்வரை போய்த் தயங்கினேன். அவள் திரும்பி வராமல் போனால் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன்? கடைசியில் ஒரு மதியம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்க்கா. டப்பாவுல கொட்டறப்பவே பாத்தேன்" என்றாள்.

"பின்ன ஏன்டி வாயத் தொறக்கல?"

"நான் எழுந்துட்டேன், நீ எழுந்துக்கலியேன்னு இருந்துச்சு. என்னுதுல ஒண்ணு போனா போவட்டும்னு விட்டுட்டேன்."

நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஒன் மாத்திரைய யாருக்கும் குடுக்காத. எனக்கும் குடுக்காத" என்றேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இந்த மாத்திரை எழுதித் தந்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டை எட்டிப் பார்க்காதீர்கள். அவள் இதயம் வேறு, உங்கள் இதயம் வேறு. பலிக்கவில்லை என்று தோன்றினால் சண்டையை டாக்டரிடம் போடுங்கள். குணமாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். எழும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இருபது எண்ணிவிட்டு எழுங்கள். தலைசுற்றல் (இந்த மாத்திரையால், எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது) பாதி குறையும்.

டாக்டர் என் நெஞ்சைச் சோதித்துச் சோதித்து அரை அரை மாத்திரையாகக் கூட்டினார். கமலாவுக்கு வாரங்களில் நடந்தது எனக்கு மாதங்களில் நடந்தது. எந்த நாள் குணமானேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் ரசம் ரசமாக ருசித்தது. ஒரு நாள் மில் சங்கு ஊதிய பிறகுதான் விழித்தேன்.

அந்தத் தீபாவளிக்கு மாமியார் முதல் முறையாக இரண்டு விதமாகப் புடவை எடுத்துவந்தார். எனக்குப் பச்சை. கமலாவுக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. "அவங்கவங்களுக்கு எது ஒத்துக்குதோ அது" என்று டாக்டர் மாதிரியே சொன்னார்.

கமலாவுடையதுதான் அழகாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு புடவை வேண்டும் என்று தோன்றியிருந்தது. அதை விரல்களால் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். கமலா புடவையோடு வாசற்படியில் நின்று, நான் இருபது எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தாள்.